எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்காமல் விட்ட நாள்

எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. கண்ட்ரோல் ரூமில் இனி உட்காரப்போகிற நீங்கள் எல்லோரும் டிப்ளமாவோ பட்டமோ வாங்கியவர்கள். போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொன்னார்கள். வருகிறேன் என்றேன். அன்று காலையில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் இல்லை. நாற்பது பேர் முன்னால் நிற்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயதாகிறது. இடது காது மந்தமாகிவிட்டதால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். போன் பேசுவதே வேலையாக இருந்தவனுக்குக் காது போனால் மீதி என்ன இருக்கிறது? இப்போதும் மழை பெய்தால் அந்தக் காதுக்குள் லேசாக ஓர் இரைச்சல் கேட்கும். தூரத்தில் யாரோ போனை எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது போல இருக்கும்.

திரை, ஸ்விட்ச், பேட்டரி இதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. நம் சின்னத் திட்டத்தை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் சிலர் வெளியூர்க்காரர்கள் என்று கேள்விப்பட்டேன். குரும்பகரத்து வயல் மோட்டார்கள், கோவில்பத்து வீடுகள், காரைக்கால்மேட்டு ஐஸ் பிளாண்ட், இவை மூன்றும்தான் நம் பொறுப்பில் பெரிய பங்கு. தரிசு நிலத்தில் சோலார் தகடுகள் போட்டிருக்கிறோம். ஊர்க்காரர்கள் அதைக் கண்ணாடிக் கொல்லை என்பார்கள். பக்கத்தில் வெள்ளைப் பெட்டிகளில் பேட்டரி. வெளியிலிருந்து வரும் லைன் அறுந்தால் நாம் தனியாக நிற்க வேண்டும். கரி எரிக்காமல், டீசல் எரிக்காமல் நிற்க வேண்டும். பெரியவர்கள் இதற்கு நெட் ஜீரோ என்று பெயர் சொல்கிறார்கள்.

வெயிலை நாம் கூப்பிட்டால் வராது. அதனால் செலவழிப்பவர்களைத்தான் கூப்பிட வேண்டும். மேகம் வந்தால், "கொஞ்ச நேரம் நிறுத்திக்குவீங்களா?" என்று கேட்க வேண்டும். வெயில் அடித்தால், "இப்ப ஓட்டிக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டும். இதைத்தான் நான் வருடக்கணக்காகச் செய்தேன். கூச்ச சுபாவம் உள்ளவனுக்குக் கடவுள் தந்த வேலையைப் பாருங்கள்.

முதன்முதலாக ஐஸ் பிளாண்டுக்குப் போன் செய்த நாள் நினைவிருக்கிறது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, நான்கு முறை படித்துப் பார்த்துவிட்டு டயல் செய்தேன். ஒரு பெண் குரல் எடுத்தது. பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.

"யாரு?"

"நான்... கரண்ட்டு..."

"என்னாது? கரண்ட்டா? கரண்ட்டே பேசுதா?"

அங்கே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தாளில் எழுதியது கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருவழியாகக் கேட்டு முடித்தேன்.

"நிறுத்துறேன். அதுக்கு ஏன் தம்பி பொண்ணு கேக்க வந்தவரு மாதிரி முழுங்குறீங்க? பட்டுனு கேளுங்க. முடிஞ்சா முடியும்பேன், முடியலன்னா முடியாதும்பேன். யாரும் தலைய வாங்க மாட்டாங்க."

அன்றிலிருந்து நான் அவருக்குக் கரண்ட்டு தம்பி. அவர் எனக்கு ஐஸ் பிளாண்ட் அக்கா. அங்கே சூப்பர்வைசர். பெயர் கேட்டதில்லை, முகம் பார்த்ததில்லை. நம் மூன்று ஊரும் எனக்குக் குரல்களாகத்தான் தெரியும். மத்தியான வேளைகளில் யாரும் போன் செய்யாதபோது திரையில் அந்தப் பச்சைக் கோடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் மூன்று ஊரும் சேர்ந்து இழுக்கும் கரண்ட். சாப்பாடு முடிந்து ஊர் கண்ணயர்ந்தால் கோடும் தாழ்ந்து படுக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தூங்குகிற ஒரு பெரிய உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கூச்சமில்லாமல் நான் ஊரோடு இருந்தது அந்த நேரத்தில்தான்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. கேட்கும் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்கலாம், எந்த நேரத்தில் கேட்கக் கூடாது, நிறுத்தினால் எவ்வளவு மிச்சமாகும், எல்லாம் அதில் இருக்கும். ஐஸ் பிளாண்டில் விடியற்காலை மீன் ஏல நேரத்தில் கேட்கக் கூடாது. அரிசி மில்காரரிடம் முதலில் அவர் முழங்காலைப் பற்றி விசாரிக்க வேண்டும். கோவில்பத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டருக்கு இரண்டு ரிங் விட்டு வைத்துவிட்டால் போதும், அவரே கூப்பிடுவார். நானாக வைத்துக்கொண்ட விதி ஒன்றும் உண்டு. ஒருவரிடம் ஒரு வாரத்தில் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

அந்த நோட்டில்தான் என் தவறு இருந்தது.

நடுவில் சில வருடங்களில் ஊர் சிக்கனமாகிவிட்டது. கோவில்பத்தில் வீட்டுக்கு வீடு கரண்ட் குறைவாக இழுக்கும் ஃபேன் வந்தது. தெருவிளக்கு மாறியது. பழைய ஃப்ரிட்ஜைப் பாத்திரம் வைக்கும் அலமாரியாக்கிவிட்டுப் புதிது வாங்கினார்கள். குரும்பகரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மோட்டார் போட்டார்கள். திரையில் பச்சைக் கோடு மாதத்துக்கு மாதம் தாழ்ந்துகொண்டே வந்தது. ஆபீஸில் கூட்டம் போட்டுக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கோடு தாழ்ந்தால் கண்ணாடிக் கொல்லை போதும், பேட்டரி போதும், எனக்குப் போன் வேலை குறையும் என்று நினைத்தேன்.

குறைந்தது உண்மை. இரண்டு வருடத்தில் நான் யாரையும் கூப்பிட்டது விரல் விட்டு எண்ணும் தடவைதான். அதனால் நோட்டையும் திருத்தவில்லை. திருத்த வேண்டுமென்றால் ஒவ்வோர் இடமாகப் போக வேண்டும். "உள்ளே வந்து பாருங்க, டீ சாப்பிடுங்க" என்பார்கள். நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். ஊர் சிக்கனமாக ஆக ஆக, என் நோட்டு மட்டும் பழைய பணக்காரனாகவே இருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஐப்பசிக் கடைசி. மூன்று நாளாக மழை. முந்தின இரவு காற்றில் வெளி லைனின் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. நாங்கள் தனியாக நின்றோம். காலையில் நான் ஷிஃப்டுக்கு வந்தபோது வானம் ஈயப் பாத்திரத்தின் உள்பக்கம் மாதிரி இருந்தது. கண்ணாடிக் கொல்லையிலிருந்து பேருக்குத்தான் கரண்ட் வந்தது. பேட்டரியில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ. மேடம், சாய்ந்த கம்பத்தடியில் மழையில் நின்றுகொண்டு, "நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னாடி முடியாதுங்க, நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கெட்டிக்காரர்.

பத்தரை மணிக்குக் குரும்பகரத்திலிருந்து போன் வந்தது. மலர்க்கொடி என்ற விவசாயி. அங்கே தாழ்வான பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விட ஒரு பெரிய மோட்டார் வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்தான் பொறுப்பு.

"சார், நட்டு இருவது நாளான பயிரு. நேத்துலேருந்து முழுவிக் கெடக்கு. நுனி கூடத் தெரியல. இன்னிக்கும் தண்ணிக்குள்ளயே கெடந்தா மூச்சு முட்டி அழுவிப்போயிரும். மோட்டார ஓட்டவா வேண்டாமா? தனியா நிக்கிற நேரத்துல கேக்காம ஓட்டக் கூடாதுன்னு சொல்லிருக்கீங்க. அதான் கேக்குறேன்."

"செத்த இருங்கம்மா."

நோட்டை விரித்தேன். ஐஸ் பிளாண்ட், அரிசி மில், தண்ணீர்த் தொட்டி. மூன்றையும் நான்கு நான்கு மணி நேரம் நிறுத்தினால் மிச்சமாவதைக் கூட்டினேன். மோட்டார் சாயங்காலம் வரை முழு வேகத்தில் ஓட அது தாராளமாகப் போதும். கணக்கு அவ்வளவு அழகாக வந்தது. வாழ்நாளில் நான் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

"சாயங்காலம் வரைக்கும் முழு வேகத்துல ஓட்டுங்கம்மா. நான் பொறுப்பு."

"நல்லா இருப்பீங்க சார்."

மூன்று இடத்துக்கும் போன் செய்தேன். மூவரும் சரி என்றார்கள். அக்கா, "இன்னிக்குக் குரலு தெளிவா இருக்கே, என்னா விசேஷம்?" என்று கேலி செய்துவிட்டு வைத்தார்.

பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். குரும்பகரத்து மோட்டார் கிளம்பியதும் பச்சைக் கோடு ஏறியது. இனி மூவரும் நிறுத்தும்போது படிக்கட்டு இறங்குவது போல மூன்று இறக்கம் வர வேண்டும். வெளியே ஓட்டுக் கொட்டகை மேல் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. கோடு லேசாக இறங்கியது. அப்புறம் இன்னும் லேசாக. பிறகு அப்படியே நின்றுவிட்டது. குழந்தை ஒரு படி இறங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது போல.

திரை சரியில்லையோ என்று அதன் பக்கத்தில் தட்டினேன். பிறகு யாரோ நிறுத்தவில்லை என்று நினைத்தேன். அக்காவைத்தான் சந்தேகப்பட்டேன், அதுதான் நோட்டில் பெரிய எண். விதியை மீறி அதே நாளில் மறுபடியும் கூப்பிட்டேன்.

"அக்கா, நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தி அரை மணி நேரமாச்சு."

"இல்ல... நல்லா நிறுத்திட்டீங்களா?"

"இது என்னா தம்பி கேள்வி? நல்லா நிறுத்துறது, கெட்டதா நிறுத்துறதுன்னு இருக்கா? மெஷினு செத்துக் கெடக்கு. வேணும்னா போன அதுமேல வைக்கிறேன், கேட்டுப் பாருங்க."

உண்மையாகவே வைத்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கமும் மழை, இந்தப் பக்கமும் மழை. எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றே ஒரு நிமிடம் தெரியவில்லை.

"கேட்டீங்களா?"

"கேட்டேங்கா. மன்னிச்சிருங்க. நோட்டுல உங்களுக்கு நெறைய போட்டிருக்கு. ஆனா கோடு இறங்கல."

"எந்தக் காலத்து நோட்டு? பழைய மெஷின வித்துட்டுப் புதுசு போட்டு ரெண்டு வருசமாச்சு. அதுல மூணுல ஒரு பங்குகூட இது இழுக்காது. நீங்கதான் ஒருநாளும் வந்து பாக்கலியே."

அரிசி மில்லும் அப்படித்தான். தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான். மூவரும் நேர்மையாக நிறுத்திவிட்டார்கள். நிறுத்துவதற்கு அவர்களிடம் இருந்ததே கொஞ்சம்தான். கை தட்டிய அன்று எனக்கு இது தோன்றவில்லை. செலவு குறைந்தால், அவசரத்துக்குக் கேட்டு வாங்கக்கூடியதும் கூடவே குறைந்துவிடும். சம்பந்தி விருந்துச் சாப்பாட்டில் ஒரு கை குறைத்துக்கொள்ளலாம். பத்தியச் சாப்பாட்டில் எதைக் குறைப்பது?

கணக்கைத் திரும்பப் போட்டேன். இப்படியே போனால் மூன்றரை, நான்கு மணிக்குப் பேட்டரி அடியைத் தொடும். தொட்டால் எல்லாம் அணையும். மூன்று ஊரும். மறுபடி கிளப்ப வெளி லைன் வர வேண்டும். அதாவது மலர்க்கொடியின் மோட்டார் நாளை மத்தியானம் வரைக்கும் பேசாது. பயிர் மூன்றாவது நாளும் தண்ணீருக்குள். நான் பொறுப்பு என்று சொன்ன வாய்க்குள் கசந்தது.

ஏ.இ. மேடத்தைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் அவர் உடனே சொன்னார்: "கோவில்பத்த வெட்டிருங்க. மோட்டார ஓட்டலாம்."

விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் கோவில்பத்துக் கோட்டைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை. மழைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள். வீட்டுக்கு ஒரு விளக்கு, ஒரு ஃபேன் மெதுவாக, ஒரு ஃப்ரிட்ஜ். அந்தக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது, நனைந்த கோலம் போல.

"மேடம், அங்க வெட்டுனா ஒண்ணும் மிஞ்சாதுங்க."

"அவ்வளவு வீடு இருக்கேங்க?"

"வீடு இருக்கு மேடம். செலவு இல்ல. வெட்டுனா இருட்டுதான் கெடைக்கும், கரண்ட்டு கெடைக்காது."

மேலதிகாரியிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "சரி, வேற என்ன பண்ணுவீங்க?" என்றார் மேடம். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். "யோசிங்க. வெட்டுறதா இருந்தா ஒரு மணிக்குள்ள வெட்டணும்" என்று வைத்தார். அப்போது மணி பன்னிரண்டு.

யோசிக்கவெல்லாம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் கம்பியில் ஒரு தும்பி நனைந்த இறக்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பேட்டரியின் அளவு ஒவ்வொரு புள்ளியாகக் கீழே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயம் அதிகமானால் எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி ஒரு மயக்கம் வரும். உங்களில் யாருக்காவது அப்படி வந்தால் பயப்படாதீர்கள், அதுவாகவே போகும்.

போன் அடித்தது. அக்கா.

"தம்பி, நீங்க வச்சதுலேருந்து மனசு கேக்கல. குரும்பகரத்துப் பயிருக்காமே? மில்காரரு சொன்னாரு. எவ்ளோ நேரம் நான் நிறுத்தணும்?"

"நாலு மணி நேரம்தான்கா. அதுக்கு மேல உங்க ஐஸு உருகிரும்ல."

"அது யாரு சொன்னா?"

"நோட்டுல..."

"அந்த நோட்டத் தூக்கி வாய்க்கால்ல போடுங்க. மெஷின் மாத்துனப்பவே செவுரையும் மாத்தியாச்சு. ஒரு மொழம் கனத்துக்கு உள்ள பஞ்சு மாதிரி ஒண்ணு வச்சு அடைச்சிருக்கு. அதனாலதான் மெஷினு சின்னதாப் போதுது. கதவத் தொறக்காம இருந்தா நாளைக்கு ராத்திரி வரைக்கும்கூட கட்டி கட்டியாத்தான் கெடக்கும். நீங்க எவ்வளவு மிஞ்சும்னுதான் கேட்டீங்க. எவ்வளவு நேரம் தாங்கும்னு கேக்கவே இல்லையே?"

தம்பி தங்கைகளே, இந்த வேலையில் எனக்குப் பாடம் சொன்ன ஒருவரைக் காட்டச் சொன்னால் இந்தக் குரலைத்தான் காட்டுவேன். நான் அதுவரை ஊரை அகலத்தில் மட்டும் அளந்துகொண்டிருந்தேன். சிக்கனமான ஊர் அகலத்தில் சுருங்கிவிட்டது. ஆனால் நீளத்தில் வளர்ந்திருந்தது. கனமான சுவர் வைத்தவர் கொஞ்சம்தான் தர முடியும், ஆனால் நாள் முழுக்கத் தரலாம்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தருவீங்களா?"

"தர்றேன். போட்டுங்கதான் கடலுக்குப் போவலியே, ஐஸுக்கு இப்ப என்னா அவசரம்? ஆனா சும்மா பாத்துட்டுப் போறேன்னு வந்து எவனாச்சும் கதவத் தொறப்பான். குறுக்க நாற்காலி போட்டு உக்காந்துக்குறேன். எங்க மொதலாளியே வந்தாலும் தொறக்க மாட்டேன்."

மில்காரரிடமும் தொட்டி ஆபரேட்டரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். மில்காரர், "இந்த ஈரத்துல எவன் நெல்லு கொண்டாரான்? நாளைக்குப் பூராவும் மூடிக்கிறேன்" என்றார். முழங்காலைப் பற்றி விசாரிக்க மறந்துவிட்டேன், அவரும் கவனிக்கவில்லை. தொட்டி நிறைந்திருக்கிறது, மழையில் யாரும் குளிக்கவில்லை, நாளை காலை வரை மோட்டார் போட வேண்டாம் என்றார் ஆபரேட்டர்.

பிறகு சாயங்காலக் கோட்டை யோசித்தேன். முன்பெல்லாம் விளக்கு வைக்கும் நேரத்தில் கோவில்பத்துக் கோடு குன்று போல எழும்பும். இப்போது அது ஒரு வரப்பு உயரம்தான். அப்படியானால் ராத்திரியைத் தாண்ட அதிகம் வேண்டாம். நான் அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியதை அவர்கள் இரண்டு வருடமாகத் தினமும் கேட்காமலே தந்துகொண்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு பேட்டரிதான். வெள்ளைப் பெட்டிக்குள் இல்லாததால் எனக்குத் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது மலர்க்கொடியின் மோட்டார். முழு வேகத்தில் ஓட்டினால் நான்கு மணிக்கு எல்லாம் முடியும். வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் கொஞ்சம் குறைவாக வரும், கரண்ட் பாதியாகக் குறைந்துவிடும். அப்படியானால் விடிய விடிய ஓட்டலாம். ஆனால் மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. மெதுவாக இறைக்கிற தண்ணீரைவிட வந்து விழுகிற தண்ணீர் அதிகமாக இருந்தால், விடிய விடிய ஓட்டியும் பயிர் தண்ணீருக்குள்தான் இருக்கும். இதற்கு என் திரையில் பதில் இல்லை. நான் பொறுப்பு என்று சொன்னவரிடமே திரும்பப் போக வேண்டும்.

போனைக் கையில் எடுத்து இரண்டு தடவை கீழே வைத்தேன். மூன்றாவது தடவை டயல் செய்தேன்.

"அம்மா, நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். முழு வேகத்துல சாயங்காலம் வரைக்கும் தர முடியாது."

"பொறுப்புன்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேம்மா."

"நிறுத்தச் சொல்றீங்களா?"

"இல்ல. வேகத்தக் கொறைக்கச் சொல்றேன். கொறைச்சா நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நிறுத்தாம ஓடும்."

"மெதுவா ஓட்டுனா அது மோட்டாரா? அழுவுறாப்ல சத்தம் போடும். அம்பது பேரு வரப்புல நிக்கிறாங்க, என்னையக் கேப்பாங்க. மழைத் தண்ணிய மெதுவா இறைச்சு எப்புடி சார் செயிக்கிறது?"

"செயிக்குமான்னு எனக்குத் தெரியலம்மா. உங்களுக்குத்தான் தெரியும்."

பொய் சொல்லியிருக்கலாம். கட்டாயம் ஜெயிக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தடவை பெரிய வார்த்தை சொல்லி மாட்டிக்கொண்டவனுக்கு இரண்டாவது தடவை வாய் வரவில்லை. அவர் யாரிடமோ தள்ளிப் போய்ப் பேசினார். சண்டை மாதிரி இருந்தது. "அவரே தெரியலங்குறாரு, அப்பறம் என்னா?" என்று ஓர் ஆண் குரல். "தெரியலன்னு சொல்றவர நம்பலாம், வாய மூடு" என்று இவர் குரல். திரும்பி வந்தார்.

"சார், ஒரு குச்சிய ஊணித் தண்ணி மட்டத்துல துணி கட்டுறேன். ஒரு மணி நேரம் நீங்க சொன்ன மாதிரி ஓட்டுறேன். துணிக்குக் கீழ தண்ணி எறங்கலன்னா முழு வேகத்துல போட்டுருவேன். அப்பறம் ஊரே அணைஞ்சாலும் என்னையக் கேக்கக் கூடாது. சம்மதமா?"

ஏ.இ. மேடத்திடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சம்மதம் என்றேன்.

மணி ஒன்றேகால். கோடு மெதுவாக வழுக்கி இறங்கியது. பேட்டரியில் புள்ளி குறைவது சட்டென்று சோம்பலாகிவிட்டது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் நான் ஒரு சின்னத் தூக்கமே போடலாம் போல இருந்தது. மேடத்தைக் கூப்பிட்டு, கோவில்பத்தை வெட்டவில்லை, இப்படி இப்படிச் செய்திருக்கிறேன் என்றேன். "குச்சியா?" என்றார். "குச்சிதாங்க" என்றேன். அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா, காற்றில் தெரியவில்லை.

அந்த ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பார்த்தே இராத ஒரு வயலில், நான் பார்த்தே இராத ஒரு குச்சி நின்றது. அதில் கட்டிய துணி என்ன நிறம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு என்று முடிவு செய்தேன். காரைக்கால்மேட்டில் ஒரு பெண் கனத்த கதவுக்குக் குறுக்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கோவில்பத்தில் மூடிய ஜன்னல்களுக்குள் ஃபேன்கள் மெல்லச் சுற்றுகின்றன. யாருக்கும் மற்றவரைத் தெரியாது. எல்லோரும் சேர்ந்து ஏதோ ஒன்றை, உடைந்துவிடக் கூடாது என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கிக்கொண்டு போகிறார்கள். மழைச் சத்தத்தில் கண்ட்ரோல் ரூமும் மெதுவாக மிதந்து போவது போல இருந்தது.

இரண்டு இருபதுக்குப் போன் வந்தது.

"சார்."

"சொல்லுங்கம்மா."

"ஒரு விரக்கடை."

"ஏறிருக்கா, எறங்கிருக்கா?"

"எறங்கிருக்கு சார்! துணி மேல நிக்குது. அழுவுறாப்லதான் சத்தம் போடுது, ஆனா இறைக்குது. இவங்கள்ளாம் குச்சிய நான் ஏமாத்தி நட்டுட்டேன்னு சொல்றாங்க. அதுக்காக இன்னொரு குச்சி ஊணிருக்காங்க. ஊணட்டும்."

அவர் என்ன நினைத்தாரோ, "சாப்புட்டீங்களா சார்?" என்று கேட்டார். சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

ஆறு மணிக்கு நான் அடுத்த ஷிஃப்டுக்காரரிடம் ஒப்படைத்தேன். மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். மோட்டார் வேகத்தைக் கூட்டச் சொன்னால் முதலில் குச்சியைப் பற்றிக் கேட்கவும். ஐஸ் பிளாண்டுக்குப் போன் செய்து தொந்தரவு தர வேண்டாம். கோவில்பத்தை வெட்ட வேண்டாம்.

நீங்கள் எழுதப்போகும் நோட்டு கணினியில் இருக்கும். பரவாயில்லை. எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு கட்டம் இருக்கும், அது வருடா வருடம் சின்னதாகிக்கொண்டே வரும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், அதை நம்பி வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். பக்கத்தில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அதை நிரப்ப நேரில் போக வேண்டும். கூச்சமாக இருந்தாலும் போங்கள்.

மறுநாள் பதினொன்றரைக்கு வெளி லைன் வந்தது. குரும்பகரத்தில் மேட்டு வயல்களில் பயிர் நுனி தெரிந்தது. பள்ளத்தில் இருந்த நான்கு மா நிலத்துப் பயிர் அழுகிவிட்டது, அதில் இரண்டு மா மலர்க்கொடியுடையது. அடுத்த வாரம் அங்கே மறுநடவு செய்தார்கள்.